முன்னறையில் அரை மணி நேரம்

பவானிபூரில் ஒரு வீட்டு மாடியின் முன்னறை. அங்கே ஒரு பிரம்பு நாற்காலி. அதில்தான் என்னை உட்கார வைத்தார்கள். மடியில் என் தோல் பை. எதிரே உள்ளறை வாசல். பழைய ஒன்பது கஜப் புடவை ஒன்றை இரண்டாக மடித்து அதில் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் மங்களம் முதல் நாள் காலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள்.

வெளியே மழை. கல்கத்தாவின் ஆவணி மழைக்கு நிற்கத் தெரியாது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் வீட்டில் கரி அடுப்பு மூட்டியிருந்தார்கள். அந்தப் புகை வெளியே போக வழியில்லாமல் படியேறி எங்கள் அறைக்கு வந்துவிட்டது. அதோடு ஓமம் வறுக்கிற வாசனை. இத்தனை வருஷம் கழித்தும், வீட்டில் யாராவது ஓமம் வறுத்தால் நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுகிறேன். என் அண்ணாவின் மருமகள் இதைக் கிழத்தின் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

மங்களத்தின் கணவர் சுந்தரேசன் ஜன்னலோரம் நின்றிருந்தார். என் அண்ணா வேலை பார்த்த சர்க்கார் ஆபீசில்தான் அவருக்கும் உத்தியோகம். முப்பது வயது இருக்கும். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"சித்த உட்காருங்கோளேன்," என்றேன்.

"இல்லை, பரவாயில்லை," என்றார். உள்ளேயிருந்து முனகல் வரும்போதெல்லாம் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ், பிரசவ அறைக்குள் இல்லாமல் முன்னறையில் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் சந்தோஷமான விஷயமாக எழுதுங்களேன் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். சந்தோஷம் அடுத்த வீட்டில் கிடைக்கும், என்னிடம் இந்த வாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு

இந்தத் தொடரை விடாமல் படித்தவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தேன். பதினோரு வயதில் கல்யாணம், பதிமூன்று வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. என் தலையில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அண்ணா ஊரோடு சண்டை போட்டார். உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்தபோது என்னையும் ரயிலேற்றிக் கூட்டி வந்து, பிரசவம் பார்க்கிற படிப்பில் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்தில் பவானிபூரிலும் பாலிகஞ்சிலும் நம் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ரயிலில் இரண்டு ராத்திரி. முடியாதவர்கள் இங்கேயே பெற்றுக்கொண்டார்கள். தமிழ் பேசத் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான். நான் வேண்டும். ஆனால் வெள்ளைப் புடவை கட்டினவள் முகத்தில் பிள்ளை விழிக்கக் கூடாது.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் யாருடைய மூளையில் உதித்ததோ தெரியாது. குழந்தை பிறக்கும்வரை உள்ளே வங்காளி மருத்துவச்சி இருப்பாள். நான் முன்னறையில் இருப்பேன். குழந்தை பிறந்ததும், பெற்றதெல்லாம் பிழைத்திருக்கிற ஒரு சுமங்கலி வந்து அதன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பாள். தாய்க்குக் குங்குமம் இடுவாள். அதற்குப் பிறகு திரையை விலக்குவார்கள், நான் உள்ளே போகலாம். நடுவில் ஆபத்து என்றால் கூப்பிடுவார்கள். எது ஆபத்து என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

இதற்கு நான் சம்மதித்தேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. முன்னறையாவது கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அதுவே வழக்கமாகிவிட்டது.

"பக்கத்துல இருப்பேளா?"

மங்களத்துக்கு இருபது வயது. தாயார் இல்லாத பெண். மாதம் ஒருமுறை பின்னல் வேலை கற்றுக்கொள்கிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து அனுப்புவேன். பின்னல் கடைசிவரை நாலு விரல்கடை தாண்டவில்லை.

கீழ் வீட்டு வங்காளி அம்மாளிடமிருந்து பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பச்சை மிளகாய் கடித்துத் தின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். மாமியாருக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்து எடுத்து வருவாள். எனக்கும் ஒரு பிடி தருவாள். கடுகெண்ணெய் வாசனை எனக்குக் குமட்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றுவிடுவேன்.

கடைசியாக வந்த அன்று படியிறங்கப் போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க பக்கத்துல இருப்பேளா?"

"பின்னே எங்க போகப் போறேன்? இருப்பேன்," என்றேன்.

அந்த ஏற்பாட்டைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

குழந்தை அழுதது

பிற்பகல் மூன்று மணி இருக்கும். உள்ளே ஒரு பெரிய கத்தல், அதன் பின் குழந்தையின் அழுகை. சுந்தரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஆஸ்பத்திரிப் பழக்கம்.

"பொண் குழந்தைடா, சுந்தரம்," என்று மாமியின் குரல் வந்தது. சுந்தரேசனின் தாயாரை எல்லோரும் மாமி என்றுதான் சொல்வோம். அவர் கணவர் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியே சுமங்கலிதான், சர்க்கரைத் தண்ணீரை அவரே வைத்திருக்கலாம். ஆனால் அவர் பெற்றதில் நாலு குழந்தைகள் போய்விட்டன, மிஞ்சியது சுந்தரேசன் ஒருவர். என் கை ராசியில்லாத கை என்று அவரே சொல்லிக்கொள்வார். அதனால் பாலிகஞ்சிலிருந்து தன் தங்கையை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அந்தத் தங்கைக்கு ஏழு குழந்தைகள், ஏழும் சௌக்கியம். அவள் குதிரை வண்டியில் கிளம்பிவிட்டாள் என்று தகவல் வந்திருந்தது. மழையில் வண்டி எங்கே நிற்கிறதோ தெரியவில்லை.

அவள் வரும்வரை குழந்தையை மார்பில் விடக் கூடாது. நான் உள்ளே போகக் கூடாது.

சிறிது நேரத்தில் மாமி மருத்துவச்சியிடம், தனக்குத் தெரிந்த வங்காளியில், "டானோ, டானோ," என்று சொல்வது கேட்டது. இழு, இழு என்று அர்த்தம்.

"மாமி, கொடியைப் பிடிச்சு இழுக்கச் சொல்லாதீங்கோ. நஞ்சு தானா விழும்."

"விழுந்தாச்சு, வாலாம்பா. எல்லாம் நல்லபடியா ஆச்சு."

"முழுசா இருக்கான்னு பாருங்கோ. இல்லாட்டா இங்க கொண்டு வரச் சொல்லுங்கோ, நான் பார்க்கறேன்."

"அதையெல்லாம் முன்னறைக்குக் கொண்டு வருவாளா? சட்டியில போட்டு மூடியாச்சு."

நான் கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "ரத்தம் எப்படிப் போறது?"

"போகணுமோல்லியோ? பத்து மாசத்துக் கெட்ட ரத்தம். உள்ள தங்கினாத்தான் ஜன்னி வரும். நன்னா போயிண்டிருக்கு."

ரத்தம் ஏன் நிற்கவில்லை

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் ஆண்களும் படிக்கிற பத்திரிகையில் எழுதலாமா என்று ஒரு வாசகர் போன வாரம் கடிதம் போட்டிருந்தார். ஐயா, ஆண்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். திரைக்கு வெளியே நிற்பவர்கள் நீங்கள்தான். வண்டி கொண்டு வருவதும் டாக்டரைக் கூப்பிடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நஞ்சு கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பிரிந்து வந்த இடத்தில் ரத்தக் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பை உடனே சுருங்கி, கல் மாதிரி இறுகி, அந்த வாய்களை நெரித்து மூட வேண்டும். அதுதான் இயற்கை வைத்த வழி. இரண்டு நாள் வலியில் களைத்துப் போன கர்ப்பப்பைக்கு அந்தத் தெம்பு இருக்காது. நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால், தெம்பிருந்தாலும் அதனால் இறுக முடியாது. மூத்திரப்பை நிரம்பியிருந்தாலும் இதே கதிதான். வழியில் எங்காவது கிழிந்திருந்தால் கர்ப்பப்பை இறுகிய பிறகும் ரத்தம் வரும்.

பிரசவத்துக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் போவது எல்லோருக்கும் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கெட்ட ரத்தம் என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் போகிற ரத்தத்தில் நல்லது கெட்டது என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒரே ரத்தம். துணி துணியாக நனைந்தால் அது உயிர்தான் போகிறது.

அப்போது செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. அடிவயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை இறுகும்வரை விடாமல் தேய்க்க வேண்டும். மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும். குழந்தையை மார்பில் விட வேண்டும், அது சப்பினால் கர்ப்பப்பை தானே சுருங்கும். எர்காட் என்று ஒரு மருந்து அப்போதே இருந்தது, அதைக் கொடுக்க வேண்டும். எதற்கும் அடங்காவிட்டால் கையை உள்ளே விட்டுத் தங்கிய துண்டை எடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் வேண்டியது என் பையிலும் என் கையிலும் இருந்தது. கையும் பையும் முன்னறையில் இருந்தன. இன்றைக்கு நல்ல ஊசிகள் வந்துவிட்டன, ரத்தமும் ஏற்றுகிறார்கள். அப்போது அதெல்லாம் கிடையாது. அதனால் நேரம்தான் பெரிய மருந்து.

மாமி கெஞ்சினார்

கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி ஆகியிருந்தது.

"துணி எத்தனை மாத்தினேள், மாமி?"

"கீரோதா மாத்திண்டே இருக்கா." கீரோதா என்பது மருத்துவச்சியின் பெயர்.

மாத்திண்டே இருக்கா. அந்த வார்த்தை போதும். நான் எழுந்தேன். சுந்தரேசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் உள்ளே போய்விடுவேன். அது அவருக்கும் தெரியும்.

"அம்மா," என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். "இவா உள்ள வந்து பார்க்கட்டுமே."

"சித்தி வந்துண்டே இருப்பாடா. சித்த பொறு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரையருகே போய்விட்டேன். என் கை புடவையைத் தொட்டுவிட்டது. அந்தப் பக்கம் மாமியின் நிழல் வந்து நின்றது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் உள்ளே போயிருப்பேன். அண்ணாவோடு சேர்ந்து வசவு கேட்டுப் பழகினவள் நான். மாமி திட்டவில்லை.

"வாலாம்பா, உன் கால்ல விழறேன். நாலைத் தூக்கிக் குடுத்தவ நான். இந்த ஒண்ணாவது தக்கட்டும். அவ வந்து சர்க்கரை வைக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ. உன்னைக் குத்தமா நினைக்கலை. என் பயம்டி இது."

என் கை கீழே விழுந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. என் முகம் ஒரு சிசுவைக் கொன்றுவிடும் என்று என் புத்தி நம்பவில்லை. ஆனால் பதிமூன்று வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, எங்கோ ஒரு மூலையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவேளை இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கால் மணி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடியே வயிற்றைத் தேயுங்கோ, குழந்தையை மார்பில் விடுங்கோ என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். மாமி வாசலை விட்டு நகரவில்லை.

கடைசியில் திரையைப் பிடுங்கினாற்போல விலக்கிக்கொண்டு வெளியே வந்தவள் கீரோதா. முழங்கைவரை ரத்தம். என்னிடம் வங்காளியில் பேசினாள். அவர்கள் பாஷையில் தீதி என்றால் அக்கா.

"வா தீதி. எழுந்து வா. இது என் கையில் இல்லை. இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு இன்னும் என்ன உட்கார்ந்திருக்கிறாய்?"

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க போயிட்டேள்?"

மங்களத்தின் உதடு வெளுத்துச் சாம்பலாக இருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள். ரத்தம் நிறையப் போனவர்கள் அப்படித்தான் கொட்டாவி விடுவார்கள். நாடி விரலுக்கு அகப்படாமல் நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டேள், அக்கா?"

வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை இருக்கிற இடமே தெரியவில்லை, பிசைந்து வைத்த மாவுபோலத் தொளதொளவென்று இருந்தது. தேய்த்தால் இறுகியது, கையெடுத்தால் மறுபடி தளர்ந்தது. ரப்பர்க் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்தேன். எர்காட்டை வாயில் விட்டேன், வாந்தியெடுத்தாள். கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி அடியில் செங்கல் வைக்கச் சொன்னேன். கீரோதா தனியாளாகத் தூக்கி வைத்தாள்.

மூடியிருந்த சட்டியைத் திறந்து நஞ்சைப் பார்த்தேன். அப்பளத்தைக் கடித்த மாதிரி ஓர் ஓரம் இல்லை.

சுந்தரேசனை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் அந்தத் தண்ணீரில் இறங்கிப் போனார். நான் கார்பாலிக் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே விட்டு அந்தத் துண்டை எடுத்தேன். பிறகு உள்ளே முஷ்டியும் வெளியே உள்ளங்கையுமாக வைத்துக் கர்ப்பப்பையை நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தோள் மரத்துப் போயிற்று.

"காத்தே வரலை அக்கா. ஜன்னலைத் திறங்கோ," என்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "தாகமா இருக்கு," என்றாள். கீரோதா துணியை நனைத்து வாயில் பிழிந்தாள்.

என் கைக்கு நடுவில் கர்ப்பப்பை இறுகியது. ஒரு தேங்காய்போல உருண்டு நின்றது. ரத்தம் நின்றுவிட்டது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. "மங்களம், நின்னுடுத்து," என்றேன். அது அவள் காதில் விழவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து மார்பில் வைத்தேன். அது சப்பியது. அது சப்பிக்கொண்டிருக்கும்போதே மங்களத்தின் மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் பாபு உப்புத் தண்ணீர் ஏற்றுகிற ஊசியும் குழாயுமாகச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். அவர் பின்னால் சுந்தரேசன் படியேறிக்கொண்டிருந்தார். பாலிகஞ்ச் சித்தி இன்னும் வரவில்லை.

"சொன்னேனே," என்று மாமி சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். "அவ வர வரைக்கும் பொறுன்னு சொன்னேனே."

குழாயடியில்

கீழே முற்றத்தில் கங்கைத் தண்ணீர்க் குழாயில் நானும் கீரோதாவும் கை கழுவினோம். மழையும் குழாயும் சேர்ந்து கொட்டின. கலங்கல் தண்ணீரில் நகத்துக்குள் இருந்தது போகவில்லை.

"உன்னை ஏன் வெளியே வைத்தார்கள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"எனக்கும் புருஷன் இல்லை, தீதி. கல்யாணமாகி மறு வருஷமே போய்விட்டான்," என்றாள். "இந்த வீட்டில் என்னை யாரும் கேட்கவில்லை."

யாரோ எஜமானி கொடுத்த பழைய சிவப்புக் கரைப் புடவையைக் கட்டியிருந்தாள்; அங்கே அது சுமங்கலிகள் கட்டுவது. மாமிக்கு அவள் மருத்துவச்சி, அவ்வளவுதான். மருத்துவச்சிக்குப் புருஷன் இருக்கிறானா என்று யார் விசாரிப்பார்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே ஒரு பெண் செத்துக் கிடக்கும்போது குழாயடியில் நின்று நான் சிரித்தேன். கீரோதா என்னைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள்.

அவர் கேட்ட கேள்வி

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாலை சுந்தரேசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"குழந்தை அழுத உடனே நீங்க உள்ள போயிருந்தா அவ பிழைச்சிருப்பாளா? நிஜத்தைச் சொல்லுங்கோ. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க போயிருப்பேள். நான் சொல்லலை. ராத்திரியெல்லாம் அதுதான் ஓடறது."

கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இந்த மனுஷர் கங்கையில் போய் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இல்லை," என்றேன். "ஆஸ்பத்திரியில இருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும். நான் உள்ள இருந்தா என்ன, வெளியில இருந்தா என்ன. சில பேருக்கு அப்படி ஆயிடறது. உங்க மேல தப்பில்லை."

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்புறம்தான் உட்கார்ந்தார். அண்ணா காபி கொண்டு வரச் சொன்னார், குடித்தார்.

அவர் போன பிறகு அண்ணா என்னைக் கேட்டார். "அப்படியா?"

"இல்லை, அண்ணா."

சுந்தரேசனுக்காகச் சொன்னேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். எனக்காகவும்தான் சொன்னேன். என் மேலும் தப்பில்லை என்று ஆகிவிடுகிறதல்லவா?

நான் சொன்னதைச் சுந்தரேசன் தாயாரிடம் சொன்னார். மாமி பஜனையில் நாலு பேரிடம் சொன்னார். நர்ஸே சொல்லிவிட்டாள், உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒன்றுதானாம் என்று பவானிபூர் முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு நான் போன வீடுகளிலெல்லாம் ஒரு கூச்சமும் இல்லாமல் என்னை முன்னறையில் உட்கார வைத்தார்கள். எதிர்த்துப் பேச வேண்டுமென்றால், நான் பொய் சொன்னேன் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தை அழுததும் கடிகாரத்தைப் பார்ப்பேன். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. நல்ல வேளை என்கிற ஒன்றை மட்டும் நம்பி இரண்டு வருஷம் ஓட்டினேன்.

ருக்மிணியின் நாள்

சுந்தரேசனுக்கு அடுத்த வருஷமே இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தார்கள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ருக்மிணி பதினேழு வயதுப் பெண். மங்களத்தின் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காதவள்.

அவளுக்கு வலி கண்டபோது சுந்தரேசனே வந்து என்னைக் கூட்டிப் போனார். வெயில் காலம், முற்பகல். அதே மாடி. மாமி முன்பைவிடத் தளர்ந்திருந்தார். பாலிகஞ்ச் சித்தி இந்தத் தடவை முந்தின நாளே வந்து, உள்ளே கட்டிலருகே இருந்தாள்.

மாமி முன்னறையில் எனக்குத் தடுக்குப் போட்டார். மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் குரலில் நிஜமான பிரியம் இருந்தது.

"பதட்டப்படாம உட்கார்ந்துக்கோடிம்மா. நீதான் சொன்னியே, உள்ள இருந்தாலும் வெளியில இருந்தாலும் ஒண்ணுதான்னு. சுந்தரம் சொன்னப்புறம்தான் எனக்கே மனசு ஆறித்து."

சுந்தரேசன் ஜன்னலருகே பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

உள்ளே ருக்மிணி கத்தினாள். நான் உட்காரவில்லை.

"மாமி, நான் அன்னிக்குச் சொன்னது பொய்," என்றேன்.

மாமிக்குப் புரியவில்லை. நான் சுந்தரேசனைப் பார்க்காமல் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"குழந்தை அழுத உடனே நான் உள்ள போயிருந்தா மங்களம் பிழைச்சிருப்பா. ஒரு துண்டு நஞ்சு உள்ள தங்கியிருந்தது. எடுத்து அழுத்திப் பிடிச்சப்புறம் ரத்தம் நின்னுது. கால் மணி முன்னாடி எடுத்திருக்கலாம். நான் உட்கார்ந்திண்டிருந்தேன். உங்களைச் சமாதானப்படுத்தப் பொய் சொன்னேன்."

மோர்த் தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டப் போன மாமி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். இந்தத் தடவை யாரும் என் காலில் விழவில்லை.

ருக்மிணிக்கும் கர்ப்பப்பை சோம்பல் பட்டது. நஞ்சு விழுந்ததும் ரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. தேய்த்தேன், மூத்திரத்தை எடுத்தேன், எர்காட் கொடுத்தேன், சித்தியின் சர்க்கரைத் தண்ணீருக்குக் காத்திராமல் குழந்தையை மார்பில் விட்டேன். நஞ்சை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன், முழுசாக இருந்தது. கால் மணியில் எல்லாம் அடங்கிவிட்டது. "பசிக்கிறது," என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்தேன். சுந்தரேசன் அதே இடத்தில் இருந்தார். மடியில் மங்களத்தின் பெண் தூங்கிப் போயிருந்தாள்.

"ஆண் குழந்தை. ரெண்டு பேரும் சௌக்கியம்," என்றேன்.

தலையை ஆட்டினார். தூங்குகிற பெண்ணின் நெற்றியில் விழுந்த மயிரை விரலால் ஒதுக்கினார். மறுபடியும் ஒதுக்கினார்.

"ரெண்டு வருஷமா நிம்மதியாத் தூங்கிண்டிருந்தேன்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.